பக்கவாதம் வந்தவர்கள் மீதான சமூகக் களங்கத்தை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய வரும் மாணவர்களில் பலர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். வேறொரு நோய்க்காக எழுதிய கேள்வித்தாளைத் தேடி எடுப்பார்கள், நோயின் பெயரை மட்டும் மாற்றுவார்கள், கிடைத்தவர்களிடமெல்லாம் கொடுத்து நிரப்பி வாங்குவார்கள். மதிப்பெண் குறைவாக வரும். 'பொதுமக்களிடம் களங்கப் பார்வை பெரிதாக இல்லை' என்று ஆய்வறிக்கை முடியும்.

மீண்டவர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். தன் முன்னாலேயே தன்னைப் பற்றி மனைவியிடம் விசாரிக்கிறார்கள், வாய் குழறுவதைப் பார்த்துக் குடித்திருப்பதாக நினைக்கிறார்கள், குடும்பத்து முடிவுகளில் தன்னைக் கேட்பதே இல்லை என்பார்கள். இதில் எதையும் அந்தக் கேள்வித்தாள் கேட்டிருக்காது. பக்கவாதத்தின் மீதான களங்கம் பெரும்பாலும் வெறுப்பாக வெளிப்படுவதில்லை, பரிவு என்ற பெயரில் ஆளைச் சிறுமைப்படுத்துவதாக வெளிப்படுகிறது. கீழே உள்ள படிகளெல்லாம் அதைத் தவறவிடாமல் இருப்பதற்காகத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மீண்டவர்கள் சிலரோடும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களோடும் உட்கார்ந்து பேச ஒரு வழி வேண்டும். 6 முதல் 10 நிபுணர்கள், புள்ளியியல் தெரிந்த ஒருவர், ஆர் (R) போன்ற ஒரு புள்ளியியல் மென்பொருள் ஆகியவையும் தேவை. ஆர் இலவசம் என்பதால் செலவு ஒரு தடையாக இருக்காது.

நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெரிய கணக்கெடுப்புக்கு மட்டும் கேட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மீண்டவர்களிடம் எடுக்கும் முதல் நேர்காணலே ஆய்வின் பகுதிதான். முதல் கட்டம், முன்னோட்டம், கணக்கெடுப்பு மூன்றுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் நின்று காத்திருக்க வேண்டி வரும்.

1. யாருடைய மனதை அளக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

களங்கம் என்ற ஒரே பெயரில் வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. மீண்டவர் தன்னையே தாழ்வாக நினைப்பது ஒன்று. அவர் நிஜமாகவே ஒதுக்கப்பட்ட அனுபவம் இன்னொன்று. பொதுமக்கள் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், எப்படி நடந்துகொள்வார்கள் என்பது மூன்றாவது. இந்த வழிகாட்டி மூன்றாவதைப் பற்றியது.

ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்றால், நோயாளிகளுக்கான அளவுகோலைப் பொதுமக்களிடம் கொடுப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. நரம்பியல் நோயாளிகளுக்கென உருவான 24 கேள்விகள் கொண்ட நாள்பட்ட நோய்க் களங்க அளவுகோலும், அதன் 8 கேள்விச் சுருக்க வடிவமும் நல்ல கருவிகள்தான். ஆனால் 'என் நோயால் மற்றவர்கள் என்னைத் தவிர்த்தார்கள்' என்ற பாணிக் கேள்வியை, நோயே வராதவரிடம் ஆளை மாற்றி எழுதிக் கொடுத்தால், அந்தக் கருவியின் ஏற்புடைமைச் சான்று (அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறது என்பதற்கான சான்று) எதுவும் அதோடு சேர்ந்து வராது.

மூன்றாவதிலும் இரண்டு வகை உண்டு. 'நான் தயங்குவேன்' என்று கேட்பது சொந்த மனப்பான்மை. 'பெரும்பாலானோர் தயங்குவார்கள்' என்று கேட்பது சமூகத்தைப் பற்றிய கணிப்பு. மனநோய்த் துறையில் 1987-இல் சமூகவியலாளர் புரூஸ் லிங்க் உருவாக்கிய 12 கூற்று அளவுகோல் இரண்டாவது வகை. தன்னைப் பற்றிக் கேட்கும்போது ஆட்கள் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்கள், ஊரைப் பற்றிக் கேட்டால் தாராளமாகக் குறை சொல்வார்கள். இரண்டையும் கேட்கலாம், அதில் தவறில்லை. ஆனால் தனித்தனிப் பகுதியாகக் கேளுங்கள், மதிப்பெண்ணைக் கூட்டாதீர்கள்.

2. பக்கவாதத்தின் எந்தப் பாதிப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள்?

கை கால் ஒரு பக்கம் செயலிழப்பது எல்லோருக்கும் தெரியும். வாய் கோணுவதும் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவைதான் சிக்கல். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மொழியாற்றல் பாதிக்கிறது. அறிவு அப்படியே இருக்கும், சொல் வராது. பார்ப்பவருக்கோ மூளையே மழுங்கிவிட்டதாகத் தோன்றும். சிலருக்கு அடக்க முடியாமல் அழுகையோ சிரிப்போ வரும். சோர்வு, மறதி, சிறுநீர்க் கட்டுப்பாட்டில் சிரமம் எனப் பட்டியல் நீளும்.

இவை ஒவ்வொன்றுக்கும் மக்களின் எதிர்வினை வேறுபடும். அதனால் 'பக்கவாத நோயாளி' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், ஒருவர் படுக்கையில் கிடப்பவரை நினைத்துப் பதில் சொல்வார், இன்னொருவர் லேசாகக் காலை இழுத்து நடக்கும் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துச் சொல்வார். மாரடைப்பையும் இதையும் ஒன்றென்று எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, வினாத்தாளின் தலைப்பில் இரண்டு மூன்று வரியில் பக்கவாதம் என்றால் என்ன என்று நடுநிலையாக எழுதுங்கள். 'கொடிய', 'முடக்கிப்போடும்' போன்ற சொற்கள் வேண்டாம். அவை பதிலை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், மீண்டவர்களிடம் பேசுங்கள். வயது, பாலினம், பாதிப்பின் வகை ஆகியவற்றில் வேறுபட்டவர்களாக இருக்கட்டும். பேச்சு பாதித்தவர்களை 'நேர்காணல் கஷ்டம்' என்று விட்டுவிடாதீர்கள். அதிகம் ஒதுக்கப்படுவது அவர்கள்தான். படம், ஆம் - இல்லை அட்டை, எழுதிக் காட்டுதல், கூடுதல் நேரம் என்று வழி செய்து கொடுங்கள். 'யாராவது உங்களை ஒதுக்கினார்களா?' என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். 'வெளியே போகும்போது மனிதர்கள் உங்களிடம் நடந்துகொள்வதில் முன்பைவிட என்ன மாறியிருக்கிறது?' என்று கேளுங்கள், கொட்டுவார்கள்.

இந்தப் பேச்சுகளிலிருந்து பிரிவுகளை எடுங்கள். பெரும்பாலும் இவை வரும்: திறமை போய்விட்டது என்ற நினைப்பு, இரக்கமும் அவர் சார்பில் முடிவெடுப்பதும், பழகுவதில் சங்கடம், தள்ளி நிற்பது, 'உடம்பைக் கவனிக்காமல் தானே வரவழைத்துக்கொண்டார்' என்ற பழி, குடும்பத்துக்குச் சுமை என்ற எண்ணம். புதியதாக வேறு ஏதாவது வருவது நிற்கும்வரை பேசுங்கள்.

3. இருக்கிற அளவுகோலா, புதியதா?

பிரிவுகள் கையில் வந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு வர வேண்டும். முன்பே வந்தால், கிடைத்த கருவிக்கு ஏற்பப் பிரிவுகளை வளைத்துவிடுவீர்கள்.

ஒருவரோடு எவ்வளவு நெருக்கமாகப் பழகச் சம்மதம் என்று கேட்பது, 1925-இல் சமூகவியலாளர் பொகார்டஸ் முன்வைத்த சமூக இடைவெளி அளவுகோல். அதன் பல வடிவங்கள் இன்றும் பயன்படுகின்றன. தள்ளி நிற்பதை அளக்க அது சரி, பரிவான சிறுமைப்படுத்தலை அது தொடாது. உளவியலாளர் காரிகனின் 27 கேள்விக் கருவி மனநோயை மனதில் வைத்து எழுதப்பட்டது. 1 முதல் 9 வரை மதிப்பிடும் அந்தக் கருவியில் பழி, கோபம், இரக்கம், உதவி, ஆபத்து, பயம், தவிர்ப்பு, பிரித்துவைத்தல், கட்டாயப்படுத்தல் என 9 பிரிவுகள் உண்டு. பக்கவாதம் வந்தவரைப் பார்த்து 'ஆபத்தானவர்' என்று யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. அந்தக் கேள்விகள் மொத்த மதிப்பெண்ணைக் கீழே இழுத்துக் களங்கமே இல்லாத தோற்றத்தைத் தரும்.

உங்கள் பிரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தொடும் கருவி இருந்தால் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிப் பயன்படுத்துங்கள். மொழிபெயர்ப்பதானால் இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இருவர் அதைத் திருப்பி மொழிபெயர்க்க வேண்டும், ஒரு குழு அமர்ந்து சரிபார்க்க வேண்டும். அப்புறம் 30 - 40 பேரிடம் முன்னோட்டம். எந்தக் கருவியும் பொருந்தவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

4. கூற்றுகளை எழுதுங்கள்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய படி இது. இறுதியில் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்காவது எழுதி வையுங்கள். பாதி உதிர்ந்துவிடும். மீண்டவர்கள் பேசிய சொற்களையே முடிந்தவரை பயன்படுத்துங்கள்.

உண்மையையும் களங்கத்தையும் பிரிப்பதுதான் கடினம். 'பக்கவாதம் வந்தவர் வண்டி ஓட்டக் கூடாது' என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். பக்கவாதத்துக்குப் பிறகு சில காலம் ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர்களே சொல்வதுண்டு. இதற்கு 'ஆம்' என்பவர் விவரம் தெரிந்தவராகவும் இருக்கலாம், களங்கப் பார்வை உள்ளவராகவும் இருக்கலாம், மதிப்பெண் இருவருக்கும் ஒன்றுதான். இப்படி மாற்றுங்கள்: 'ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும், பக்கவாதம் வந்தவர் ஓட்டும் வண்டியில் ஏற நான் தயங்குவேன்.' இப்போது அளப்பது தயக்கத்தை மட்டும்தான். 'அவர்களுக்கு உதவி தேவைப்படும்' என்பதும் இதே கோளாறு உள்ள கூற்று.

பரிவான சிறுமைப்படுத்தலை நேரடியாகக் கேட்க முடியாது. 'அவர்களைக் குழந்தை போல நடத்துவேன்' என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? செயலாகக் கேளுங்கள். 'பேசச் சிரமப்படுபவரிடம் ஒரு விவரம் வேண்டுமென்றால், அவரோடு வந்தவரிடம் கேட்பதே நல்லது.' 'பக்கவாதம் வந்தவரின் பண விஷயங்களைக் குடும்பத்தாரே முடிவு செய்துகொள்வது அவருக்கு நிம்மதி.' இவற்றுக்கு மனப்பூர்வமாக உடன்படுபவர்கள் தாங்கள் நல்லது செய்வதாகவே நம்புகிறார்கள். அதனால்தான் பதில் மறைக்கப்படாமல் வருகிறது.

ஒரே கூற்றில் இரண்டு விஷயம் வேண்டாம். 'பேசவும் சேர்ந்து சாப்பிடவும் சங்கடமாக இருக்கும்' என்றால் ஒன்றுக்கு ஆம், மற்றதுக்கு இல்லை என்பவர் என்ன செய்வார்? எல்லோருக்கும் பொருந்தாத சூழலும் வேண்டாம். 'வேலைக்கு எடுப்பேன்' என்று கேட்டால், யாரையும் வேலைக்கு எடுக்கும் நிலையில் இல்லாதவர் கைவிரிப்பார். 'என்னோடு ஒரே குழுவில் அவர் வேலை செய்தால்' என்று மாற்றினால் பலரும் கற்பனை செய்துகொள்ள முடியும்.

எல்லாக் கூற்றும் ஒரே திசையில் இருந்தால் யோசிக்காமல் ஒரே கட்டத்தை டிக் செய்துகொண்டே போவார்கள் என்பது உண்மை. அதற்காக 'தயங்க மாட்டேன்' என்று எழுதி, அதற்கு 'உடன்படவில்லை' என்ற பதிலையும் வைத்தால், இரட்டை எதிர்மறையில் படித்தவர்களே தடுமாறுவார்கள். எதிர்ச்சொல் போடாமல் நல்ல கருத்தை நேராகச் சொல்லுங்கள்: 'பேச்சு குழறினாலும் அவர் சொல்வதை முழுதாகக் கேட்பேன்.'

பதிலுக்கு 5 நிலைகள் போதும். நடுநிலையையும் 'தெரியாது' என்பதையும் ஒரே கட்டமாக்காதீர்கள். யோசித்து நடுவில் நிற்பவரும் விஷயமே புரியாதவரும் ஒருவரல்ல.

5. தேவையானால் குறுங்கதை சேருங்கள்

நான்கைந்து வரியில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பது நல்ல உத்தி. எல்லோரும் ஒரே ஆளை நினைத்துப் பதில் சொல்வார்கள். ஒரே கதையில் ஒரு விவரத்தை மட்டும் மாற்றி, ஆட்களுக்குக் குலுக்கல் முறையில் கொடுத்தால் எது களங்கத்தைக் கூட்டுகிறது என்றும் தெரியும். ஒரு வடிவில் கால் பாதிப்பு, இன்னொன்றில் பேச்சுப் பாதிப்பு என்பதுபோல.

வயது, பாலினம், தொழில், பாதிப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, வித்தியாசம் எதனால் வந்தது என்று அப்புறம் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றவை அச்சு மாறாமல் இருக்கட்டும்.

6. நிபுணர்கள் முதலில், சாதாரண மக்கள் அடுத்து

நரம்பியல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர், அளவியல் தெரிந்தவர், கூடவே மீண்டவர்களில் ஒருவராவது குழுவில் இருக்கட்டும். ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்லுங்கள். 3 அல்லது 4 கொடுத்தவர்களின் விகிதமே அந்தக் கூற்றின் உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீடு. 8 பேரில் 7 பேர் கொடுத்தால் 0.88, வைத்துக்கொள்ளலாம். 6 பேர் என்றால் 0.75, திருத்த வேண்டும் அல்லது நீக்க வேண்டும். 6 பேரோ அதற்கு மேலோ உள்ள குழுவுக்கு 0.78 என்பது வழக்கமான எல்லை. 5 பேரோ குறைவோ என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நிபுணர்கள் சரி என்றதும் நேராகக் களத்துக்கு ஓடுவதுதான் அடுத்த பொதுவான பிழை. இடையில் ஒரு படி இருக்கிறது. உங்கள் கணக்கெடுப்பில் வரப்போகிறவர்களைப் போன்ற சிலரை உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

'பக்கவாதம் வந்தவரின் பேச்சை நம்ப முடியாது' என்ற கூற்றைப் பாருங்கள். ஒருவர் இதை 'வார்த்தை தெளிவாக இருக்காது' என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் 'நினைவு தவறி மாற்றிச் சொல்வார்' என்பார். மூன்றாமவர் 'பொய் சொல்வாரா என்ன, பாவம்' என்று உடன்படாமல் விடுவார். மூன்று பதிலும் வேறு வேறு கேள்விக்கானவை. எந்தப் புள்ளியியலும் இதைக் காட்டிக்கொடுக்காது, கேட்டால்தான் தெரியும். குறைந்த பள்ளிப்படிப்பு உள்ளவர்களையும் முதியவர்களையும் இந்தச் சுற்றில் கட்டாயம் சேருங்கள்.

7. எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள்

அளவுகோலைச் சோதிக்கும் மாதிரியும், மக்களிடம் களங்கம் எவ்வளவு என்று சொல்லும் மாதிரியும் வேறு. சோதனைக்கு ஒரு கூற்றுக்கு 10 பேர், மொத்தம் 300-க்குக் குறையாமல் என்பது நடைமுறை. இங்கே பலவகை ஆட்கள் இருந்தால் போதும்.

மக்கள்தொகையைப் பற்றிப் பேச வேண்டுமானால் குலுக்கல் முறையில் தேர்ந்த மாதிரி வேண்டும். விகிதத்தை 5 சதவீதப் புள்ளிப் பிழைக்குள், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல 385 பேர். எல்லோரும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். பகுதி பகுதியாக, ஒரு பகுதிக்கு 20 பேர் வீதம் எடுத்தால், ஒரே பகுதிக்காரர்கள் ஒரே மாதிரி நினைப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த ஒற்றுமை 0.03 என்று வைத்தால், 385-ஐப் பெருக்க வேண்டிய எண் 1 + 19 × 0.03 = 1.57. ஆக 605 பேர். ஐந்தில் ஒருவர் மறுப்பார் என்றால் 757 பேரை அணுக வேண்டும். இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது நோக்கமென்றால் கணக்கே வேறு. நியமவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. 0.3 நியமவிலக்கம் அளவு வித்தியாசம் உண்மையில் இருந்தால், அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, குழுவுக்குச் சுமார் 175 பேர் வேண்டும்.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் நிரப்பி வாங்கியதைப் 'பொதுமக்கள்' என்று எழுதாதீர்கள். அங்கே இருப்பவர்கள் நோயோடும் நோயாளிகளோடும் பழகியவர்கள்.

8. களத்தில் கேட்கும் வரிசை

முதலில் மனப்பான்மைக் கூற்றுகள், அப்புறம் பக்கவாதம் பற்றிய அறிவுக் கேள்விகள், அதன் பிறகு பழக்கம் பற்றிய கேள்விகள், கடைசியில் வயது, படிப்பு முதலியவை. அறிவுக் கேள்வியை முன்னால் வைத்தால் அதுவே பாடம் நடத்திவிடும். 'உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வந்திருக்கிறதா?' என்று முதலில் கேட்டால், அந்த நினைவோடுதான் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வரும்.

பழக்கத்தை 'உண்டு / இல்லை' என்று மட்டும் கேட்காதீர்கள். தெருவில் பார்த்தது, கூட வேலை செய்தது, ஒரே வீட்டில் வாழ்ந்தது மூன்றும் ஒன்றாகாது. நெருக்கத்தையும் அந்த அனுபவம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முடிந்தவரை அவரவரே நிரப்பட்டும். எதிரே ஆள் உட்கார்ந்து கேட்டால் பதில் இனிப்பாகிவிடும். வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் கேள்வியைப் படித்துக் காட்டி, பதிலை அவரே மறைவாகக் குறிக்கும்படி செய்யலாம். சமூக விருப்பப் போக்கை, அதாவது மற்றவர் மெச்சும் பதிலைச் சொல்லும் போக்கை, அளக்கும் ஒரு சிறு அளவுகோலையும் கூட வையுங்கள். களங்க மதிப்பெண் அதோடு வலுவாகச் சேர்ந்து நகர்ந்தால், உங்களுக்குக் கிடைத்தது மனப்பான்மையா நாகரிகமா என்று யோசிக்க வேண்டும்.

நிரப்புபவரே மீண்டவராக இருக்கலாம், அல்லது வீட்டில் ஒருவரை இழந்தவராக இருக்கலாம். நடுவில் நிறுத்த உரிமை உண்டு என்பதை ஆரம்பத்திலேயே சொல்லுங்கள்.

9. தரவைச் சரிபார்த்துப் பகுப்பாய்வு செய்யுங்கள்

நேர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் (5-ஐ 1 ஆக, 4-ஐ 2 ஆக) திருப்பிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) விசித்திரமாகக் குறைந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அடுத்து ஒவ்வொரு கூற்றின் பரவலையும் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் மிகக் கீழான நிலையிலேயே குவிந்திருந்தால், கருவி லேசான களங்கத்தைப் பிடிக்கவில்லை என்று பொருள்.

எந்தக் கூற்றுகள் சேர்ந்து நகர்ந்து ஒரே காரணியாகின்றன என்று தேடுவது ஆய்வுக் காரணிப் பகுப்பாய்வு. அதில் எத்தனை காரணி என்பதை 'ஐகென் மதிப்பு (ஒரு காரணி எவ்வளவு பரவலை விளக்குகிறது என்ற எண்) 1-க்கு மேல்' என்ற விதியால் முடிவு செய்யாதீர்கள். அது தேவைக்கு மேல் காரணிகளைக் காட்டும். இணைப் பகுப்பாய்வைப் பயன்படுத்துங்கள், அதாவது தற்செயலாக உருவாக்கிய தரவில் வருவதைவிட வலுவான காரணிகளை மட்டும் எடுங்கள். இரக்கமும் தவிர்ப்பும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, ஆகவே காரணிகளுக்கிடையே தொடர்பை அனுமதிக்கும் சாய்வுச் சுழற்சியே பொருத்தம். நேர்மறைக் கூற்றுகள் மட்டும் தனிக் காரணியாகப் பிரிந்து வந்தால் அதற்குப் புதுப் பெயர் சூட்டாதீர்கள். பெரும்பாலும் அது எழுத்து நடையின் விளைவு.

கிடைத்த அமைப்பை வேறொரு மாதிரியில் உறுதிசெய்ய வேண்டும். அதே ஆட்களின் தரவில் இரண்டாம் முறை ஓட்டினால் பொருந்தத்தானே செய்யும்? அதில் எந்தச் சான்றும் இல்லை. அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் குறியீடுகளில், சிஎஃப்ஐ (CFI) 0.95-க்கு அருகிலோ மேலோ, ஆர்எம்எஸ்இஏ (RMSEA) 0.06-க்கு அருகிலோ கீழோ என்பன வழக்கமான குறிகள். ஆல்ஃபாவோ அதைப் போன்ற ஒமேகாவோ ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக 0.70-க்கு மேல் இருக்கட்டும். 0.95-ஐத் தாண்டினால் ஒரே கூற்றைப் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இரக்கப் பிரிவைத் தவிர்ப்புப் பிரிவோடு கூட்டி ஒரே மொத்தமாக்கும் ஆசை வரும். வேண்டாம். ஒருவர் இரக்கத்தில் உச்சத்திலும் தவிர்ப்பில் அடியிலும் இருக்கலாம். கூட்டினால் அவர் 'நடுத்தரம்' ஆகிவிடுவார், மீண்டவர்களை அதிகம் காயப்படுத்தும் அந்தப் பாணி பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

ஆண் - பெண், நகரம் - கிராமம் என்று ஒப்பிடுமுன், இரு தரப்பும் கூற்றுகளை ஒரே பொருளில் எடுத்துக்கொள்கிறார்களா என்று அளவீட்டுச் சமத்துவத்தைச் சோதியுங்கள். அதைச் செய்யாமல் சராசரிகளை ஒப்பிட்டால், களங்க வித்தியாசத்தையும் வாசிப்பு வித்தியாசத்தையும் பிரித்தறிய முடியாது.

10. மறுசோதனையும் மாற்றத்தைச் சொல்வதும்

அதே ஆட்களில் ஒரு பகுதியினரிடம் இரண்டு வாரம் கழித்து மீண்டும் கேளுங்கள். அதற்குள் முந்தைய பதில் ஓரளவு மறந்திருக்கும், மனப்பான்மை மாறியிருக்காது. இரு மதிப்பெண்களின் ஒப்புமையை உள்வகுப்பு ஒட்டுறவால் பாருங்கள். அது 1-க்கு எவ்வளவு அருகில் வருகிறதோ, இரு முறையும் பதில் அவ்வளவு ஒத்திருக்கிறது.

விழிப்புணர்வு முகாமுக்கு முன்னும் பின்னும் அளக்க நினைப்பவர்களுக்கு இந்த எண் மிக அவசியம். நியமவிலக்கம் 10, உள்வகுப்பு ஒட்டுறவு 0.84 என்று வைப்போம். அளவீட்டுப் பிழை 10 × √0.16 = 4. ஒரு தனி ஆளிடம் மாற்றம் நடந்தது என்று சொல்ல 1.96 × √2 × 4, அதாவது சுமார் 11 புள்ளி நகர வேண்டும். அதற்குக் குறைவானது கருவியின் ஆட்டமாகவே இருக்கலாம். 100 பேர் கொண்ட குழுவின் சராசரிக்கு அதே எல்லை √100-ஆல் வகுபட்டு 1.1 புள்ளியாகக் குறையும். தனி ஆளைப் பற்றிய முடிவுக்கு 11-ஐயும் குழுவைப் பற்றிய முடிவுக்கு 1.1-ஐயும் பயன்படுத்துங்கள். அந்த மாற்றத்தை எந்தப் பிரிவு தந்தது என்பதையும் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் முகாமில் காட்டிய உருக்கமான காட்சிகள் தவிர்ப்பைக் குறைத்து இரக்கத்தைக் கூட்டியிருக்கவும் கூடும்.